ராஜாக்களை அடைத்து வைத்த ஜெயில்: வேலூர்க் கோட்டை போய் வந்தேன்

வேலூர்க் கோட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோயிலைச் சொல்வார்கள், அகழியைச் சொல்வார்கள், சாயங்காலக் காற்றைச் சொல்வார்கள். நான் அதை ஒரு பழைய ஜெயிலாகப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். வேலூர் தொரப்பாடி மத்திய சிறையில் காவலராகச் சேர்ந்து, தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவன் நான். எந்தச் சுவரைப் பார்த்தாலும் உயரம் எவ்வளவு, கால் வைக்கப் பிடி எங்கே இருக்கிறது என்றுதான் கண் போகும். மகளைக் கொடுத்த வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோதுகூட கொல்லைப்புறச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு அரை நாள் கழிக்க வேலூரில் இதைவிட நல்ல இடம் கிடையாது. கோட்டைக்குள் நுழையக் கட்டணம் இல்லை, மர நிழல் தாராளம், குழந்தைகள் ஓடலாம். ஆனால் அரச குடும்பங்களைச் சிறைவைத்த இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டுப் போனால், பாதிச் செய்தியை வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டு போக வேண்டும். இது ஜெயிலாக இருந்தது என்பதை அங்கே எந்த மூலையும் உரக்கச் சொல்வதில்லை.

ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் பட்டியல் ஒன்று இருக்கிறது: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. சாமி 1981-ல் வந்துவிட்டார். பாலாற்றில் 2021 மழைக்கு வெள்ளமும் வந்துவிட்டது. ராஜா விஷயத்தில் இந்தப் பட்டியல் தொடக்கம் முதலே தப்பு. இந்தக் கோட்டையில் ராஜாக்களுக்குக் குறைவே இருந்ததில்லை. அவர்களுக்கு வெளியே போக அனுமதிதான் இல்லை.

என்னோடு வந்தவர் என் சம்பந்தி. கடலூர்க்காரர், மின்வாரியத்தில் இருந்தவர், பக்திமான். "கோயிலுக்கு என்று கூப்பிட்டீர்கள், ஜெயிலைக் காட்டுகிறீர்களே சம்பந்தி" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். வாசல் என்றால் கிழக்குப் பக்கம். இப்போது அகழியைக் கடந்து நேராக உள்ளே போகத் தார்ச்சாலை இருக்கிறது, ஆட்டோவே போகிறது. கோட்டையைக் கட்டியவர்கள் வழியை இப்படி நேராக விட்டிருக்க மாட்டார்கள். முன்பு இழுவைப் பாலம் இருந்தது; வழியும் வளைந்து வளைந்து போனது. எங்கள் ஜெயிலிலும் இரண்டு கதவு முறைதான்: ஒன்றைச் சாத்திய பிறகுதான் அடுத்ததைத் திறப்போம். வருகிறவனை நடுவில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்ற புத்தி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

133 ஏக்கர். 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்ட சின்ன பொம்மி நாயக்கர் கட்டியது. சுற்றி அகழி. அதற்கு உட்புறம் தாழ்வான வெளிச்சுவர், அதன் பின்னால் உயரமான பெரிய சுவர், இடைவெளி விட்டு விட்டு வட்டக் கொத்தளங்கள். அகழியில் முதலை விட்டிருந்தார்கள் என்று எங்கள் தாத்தா காலத்திலிருந்தே சொல்கிறார்கள். பெரிய சுவர்மேல் ஏறி நடக்கலாம், கண்டிப்பாக நடங்கள். மேலே நின்று கீழே பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. கொத்தளங்கள் முன்னே துருத்திக்கொண்டிருப்பதால், ஒன்றில் நிற்கும் பாராக்காரனுக்கு அடுத்த கொத்தளம் வரைக்கும் சுவரின் அடிப்பகுதி முழுவதும் தெரிகிறது. வெளியிலிருந்து ஏறுகிறவனைச் சுடுவதற்காகச் செய்த ஏற்பாடு. உள்ளேயிருந்து இறங்குகிறவனைப் பார்ப்பதற்கும் அதுவே போதும். பகையைத் தடுக்கக் கட்டிய கோட்டை ஒரு செங்கல் மாற்றாமல் ஜெயிலாகிவிடும் என்பதை இந்த உயரத்தில்தான் புரிந்துகொள்ள முடியும்.

எங்கள் ஜெயிலில் ஆள் வந்ததும் பதிவேட்டில் ஏற்றுவோம். அதே பாணியில் இந்தக் கோட்டையின் கைதிகளை மனத்துக்குள் ஏற்றிக்கொண்டே நடந்தேன்.

முதல் வரவு 1614. விஜயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடபதி இறந்ததும் வாரிசுச் சண்டை. அவர் கைகாட்டிவிட்டுப் போன ஸ்ரீரங்கரையும் அவருடைய குடும்பத்தையும் எதிர்த்தரப்புப் பிரபு ஜக்கராயன் இந்தக் கோட்டையிலேயே சிறைவைத்து, பிறகு மொத்தமாகக் கொன்றுபோட்டான். தப்பியது ஸ்ரீரங்கரின் மகன் ராமதேவன் என்ற சிறுவன் மட்டும். ஸ்ரீரங்கர் பக்கம் நின்ற யாசம நாயக்கரின் ஏற்பாட்டில், ஒரு சலவைத் தொழிலாளி துணி மூட்டைக்குள் வைத்து அவனை வெளியே கொண்டு போய்விட்டார். சம்பந்தி இதைக் கேட்டு நம்பவில்லை. நான் நம்புவேன். அழுக்குத் துணி, குப்பை வண்டி, காலிப் பால் கேன், இவை மூன்றும்தான் எந்த ஜெயில் வாசலிலும் கடைசியாகச் சோதனைக்கு நிற்பவை. காவலருக்குச் சலிப்புத் தட்டும் நேரமும் அதுதான். அந்தச் சிறுவன்தான், இதே வாரிசுச் சண்டையில் நடந்த தோப்பூர்ப் போருக்குப் பிறகு அரசனானான்.

அடுத்த பெரிய வரவு 1799. அந்த ஆண்டு மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் விழுந்தார். அவருடைய பிள்ளைகள், பெண்கள், மனைவிமார், ஹைதர் அலியின் விதவை, பணியாட்கள் என்று பெரும் கூட்டத்தைக் கம்பெனிக்காரர்கள் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களில் அப்துல் காலிக்கும் முயிசுதீனும் பழைய கைதிகள். 1792-ல் தகப்பனார் கொடுக்க வேண்டிய பணத்துக்குப் பிணையாகச் சிறு பையன்களாகக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிசிடம் ஒப்படைக்கப்பட்டுச் சென்னையில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். திரும்பிய சில ஆண்டுகளில் மறுபடி உள்ளே.

எப்படிப்பட்ட சிறை என்று கேட்டால், எங்கள் காலத்தில் சொல்லும் முதல் வகுப்பைவிடப் பல படி மேல். மாளிகை, உதவித்தொகை, வேலையாட்கள், கல்யாணம் காட்சி எல்லாம் உண்டு. வெளியே போவது மட்டும் கிடையாது. அவர்களை நம்பி மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆயிரக்கணக்கானவர்கள் கோட்டைக்கு வெளியே பேட்டையில் குடியேறினார்கள். இதைப் படித்தபோதே எனக்கு நெற்றி சுருங்கியது. பெரிய தலைவர் ஒருவர் உள்ளே வந்தால் ஜெயில் வாசலில் கூடும் கூட்டம் எப்படி என்று எங்களுக்குத் தெரியும். இங்கே அந்தக் கூட்டம் கலையாமல் ஏழு வருஷம் இருந்திருக்கிறது.

1806 ஜூலை 10 புரட்சியைச் சிப்பாய்களின் வீரக் கதையாகப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அது சரிதான். நான் அதைக் காவல் போட்டவர்கள் செய்த தவறுகளின் வரிசையாகவும் பார்க்கிறேன். முதலில், காவல் நிற்பவனையே கசக்கினார்கள். நெற்றியில் திருநீறும் நாமமும் கூடாது, தாடியை மழி, காதில் கடுக்கன் கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று உத்தரவு. அன்றைய கவர்னர் வில்லியம் பெண்டிங்க், படைத்தலைவர் ஜான் கிரடாக். எதிர்த்தவர்களுக்குக் கசையடி கொடுத்தார்கள். கைதியைவிடக் கொதிப்போடு இருக்கிற காவலனைக் கைதிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அடுத்தது, உளவு சொன்னவனை நம்பவில்லை. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் முன்கூட்டியே அதிகாரியிடம் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். அவனுக்குப் பைத்தியம் என்று முடிவுகட்டி விலங்கு மாட்டிவிட்டார்கள்! ஜெயிலில் கலகம் நடந்த எந்த இடத்தின் விசாரணை அறிக்கையைப் பார்த்தாலும் இப்படி ஒரு முஸ்தபா பேக் இருப்பான்.

கடைசியாக, ஜூலை 9 ராத்திரி. திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். விருந்து, விளக்கு, வருவோர் போவோர். மறுநாள் காலையில் அணிவகுப்பு இருக்கிறது என்று, வழக்கமாக வெளியே குடிசைகளில் தூங்கும் சிப்பாய்களை அன்றைக்கு ஆயுதங்களோடு கோட்டைக்குள்ளேயே தூங்க வைத்தார்கள். விசேஷ நாளில் எண்ணிக்கையை இரட்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குப் பயிற்சியில் சொல்லும் பாலபாடம். தீபாவளி, பொங்கல், சுதந்திர தினம் எதற்கும் எனக்கு விடுப்பு கிடைத்ததே இல்லை. அது ஏன் என்பதற்கு இந்த ஒரு ராத்திரி போதும்.

விடிவதற்கு முன் தொடங்கியது. 69-வது ரெஜிமென்ட்டின் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தூக்கத்திலேயே சுடப்பட்டார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் இறந்தார். மைசூர்ப் புலிக் கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு காலையிலேயே வந்து சேர்ந்தார். உள்ளே உயிர் தப்பியிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பெல்ட்டுகளைக் கயிறாகக் கட்டி இறக்க, அதைப் பிடித்துக்கொண்டு இந்தச் சுவரில்தான் ஏறினார் என்கிறார்கள். நான் சொன்ன பிடி கணக்கு ஞாபகம் வருகிறதா? கதவைப் பீரங்கியால் உடைத்தார்கள். பிறகு நடந்தது பழிவாங்கல். ஏறத்தாழ நூறு பேரை ஒரு சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மொத்தம் இறந்த இந்தியச் சிப்பாய்கள் சுமார் 350 பேர். திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார்கள். பெண்டிங்க், கிரடாக் இரண்டு பேரையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் நடந்த இடத்தில், மரத்தடிப் பெஞ்சில் ஒரு கல்கத்தாக்காரர் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனைக்கு வந்தவர் என்பது கையில் இருந்த பெரிய எக்ஸ்ரே உறையிலேயே தெரிந்தது. வேலூருக்கு இது புதிதல்ல. சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களும் கூட வருகிறவர்களும் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்களில் கோட்டைக்குத்தான் வருவார்கள். காந்தி ரோட்டுப் பக்கம் லாட்ஜ்களிலும் ஹோட்டல்களிலும் வங்காள எழுத்தில் பலகைகள் பார்க்கலாம். வடநாட்டுக் கைதிகளிடம் கற்றுக்கொண்ட என் இந்தியை எடுத்துவிட்டு, திப்புவின் குடும்பம் இங்கே இருந்ததையும் பிறகு அவருடைய ஊரான கல்கத்தாவுக்கே அனுப்பப்பட்டதையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தரம்தலாவில் திப்பு சுல்தான் மசூதி வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறாராம். அந்த மசூதியைக் கட்டிய குலாம் முகமது திப்புவின் கடைசி மகன். இந்தக் கோட்டையில் சிறுவனாக வளர்ந்தவர். "திப்பு மைசூர்க்காரர், மசூதி எதற்குக் கல்கத்தாவில் என்று யோசித்திருக்கிறேன்" என்றார். அவருக்குப் பதில் சொல்லக் கோட்டையில் ஒரு பலகை இல்லை, என் அரைகுறை இந்திதான் இருந்தது. தமிழ், ஆங்கிலத்தோடு வங்காளத்திலும் நான்கு வரி எழுதி ஒரு பலகை வைத்தால் வேலூரில் அதைப் படிக்க ஆளுக்குப் பஞ்சமே இருக்காது.

மஹால்களைத் தேடிப் போனோம். திப்பு மஹால், ஹைதர் மஹால், பாதுஷா மஹால், பேகம் மஹால், கண்டி மஹால் என்று பெயர் மட்டும் ஊருக்கே தெரியும். கைதிகள் வாழ்ந்த இடம் இவைதான். நான் பார்க்க வந்ததும் இவற்றைத்தான். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தக் கட்டடங்களில் அரசு அலுவலகங்களும் காவலர் பயிற்சியும் நடந்தன. நாங்கள் போன அன்று ஒரு மஹாலின் கதவில் பூட்டுத் தொங்கியது. கம்பி வழியாக நீண்ட தாழ்வாரமும் வளைவுகளும் தெரிந்தன, அவ்வளவுதான். பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சாதாரண ஏழு நெம்புகோல் பூட்டு; எண்ணெய் கண்டு பல மாதம் ஆகியிருக்கும், சாவித் துவாரத்தில் குளவி மண் அப்பியிருந்தது. தினமும் திறக்கிற பூட்டில் குளவி கூடு கட்டாது. பக்கத்தில் இருந்த காவலாளியிடம் எப்போது திறப்பார்கள் என்று கேட்டேன். "நீங்கள் எந்த ஆபீஸ் சார்?" என்று கேட்டார். ஓய்வு பெற்றவன் என்றதும் பதில் சொல்வதில் அவருக்கு அக்கறை போய்விட்டது.

இது எனக்கு உண்மையாகவே வருத்தம். அந்தமான் செல்லுலார் ஜெயிலுக்கு விடுப்புச் சலுகையில் ஒரு முறை குடும்பத்தோடு போயிருக்கிறேன். ஏழு சிறகுகளில் மூன்றுதான் மிச்சம். ஆனாலும் ஒரு கொட்டடிக்குள் நம்மை நிற்க விடுகிறார்கள், உயரத்தில் இருக்கிற சிறு சாளரத்தைப் பார்க்க விடுகிறார்கள், ராத்திரி ஒலி ஒளிக் காட்சி வைத்துச் சொல்கிறார்கள். அங்கே போய் வந்தவனுக்கு ஜெயில் என்றால் என்ன என்று தெரிந்துவிடும். வேலூரில் காட்ட வேண்டியது வேறு வகை. பட்டுப் படுதாவும் வேலையாட்களும் இருந்துகொண்டே ஒரு குடும்பம் கைதியாக இருப்பது எப்படி? அதைச் சொல்ல அறைகள் வேண்டும், அறைகளைத் திறக்க வேண்டும். ஒரே ஒரு மஹாலை மட்டுமாவது திறந்து, யார் எந்த அறையில் இருந்தார்கள், யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள் என்று எழுதிப் போட்டால் போதும்.

திப்பு மஹாலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. 1990-களில் அது இலங்கைத் தமிழர்களை வைத்திருந்த சிறப்பு முகாம். 1995 ஆகஸ்டில் விடுதலைப்புலிகள் 43 பேர் உள்ளேயிருந்து சுரங்கம் தோண்டித் தப்பிவிட்டார்கள். அப்போது நான் பணியில் இருந்தேன். முகாம் எங்கள் துறையின் பொறுப்பில் இல்லை என்றாலும், தொரப்பாடிக் குடியிருப்பில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. எல்லாரும் வாசலில் நின்று அதையேதான் பேசினார்கள். எங்களுக்குப் புரியாத ஒரே விஷயம், தோண்டிய மண்ணை எங்கே போட்டார்கள் என்பதுதான். அடுத்த வாரம் முழுவதும் எங்கள் ஜெயிலில் தோட்டப் பாத்திகளைக்கூடக் கிளறிப் பார்த்தோம். 1614-ல் துணி மூட்டை, 1995-ல் சுரங்கம். முதலைகளும் கருங்கல்லும் இருந்தும் கணக்கு இப்படித்தான் இருக்கிறது.

கோயிலைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை, சம்பந்திதான் சொல்ல வேண்டும். ஜலகண்டேஸ்வரர் பல நூற்றாண்டு இந்தக் கோயிலில் இல்லை. கல்யாண மண்டபத்தில் வெள்ளைக்காரர்கள் ஆயுதம் வைத்திருந்தார்கள். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981 மார்ச்சில் ஊர் கூடிக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த ஊர்வலத்தை நேரில் பார்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளிகளும் குதிரை வீரர்களும் உயிரோடு பாய்கிறார்கள். ஒரே தலையைக் கையால் ஒரு பக்கம் மறைத்தால் காளை, மறுபக்கம் மறைத்தால் யானை என்று ஒரு சிற்பம் இருக்கிறது. சம்பந்தி அதை மறைத்து மறைத்துப் பார்த்து, பின்னால் வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் செய்து காட்டி, அங்கிருந்து கிளம்ப மறுத்துவிட்டார். அதே வளாகத்தில் மசூதியும் 1846-ல் கட்டிய புனித ஜான் தேவாலயமும் இருக்கின்றன.

அவரை அங்கேயே விட்டுவிட்டு நான் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனேன். டிக்கெட் சில்லறைக் காசுதான். பல்லவர் காலம் தொட்டு விஜயநகரம் வரை சிற்பங்கள், பழைய வாள், நாணயங்கள் என்று நிறைய இருக்கின்றன. நான் போனது ஒரு பொருளுக்காக: இலங்கையின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கர் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகை. மதுரை நாயக்கர் வழி வந்தவர், இயற்பெயர் கண்ணுசாமி. 1815 பிப்ரவரியில் கண்டியில் பிடித்தார்கள். மறு ஆண்டு ஜனவரியில் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தார்கள். 1832 ஜனவரி 30 வரை, 16 ஆண்டு, இங்கேயேதான். 52 வயதில், உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய் வந்து இறந்தார். அவருடைய சிம்மாசனம் இங்கிலாந்துக்குப் போய் 1934-ல் இலங்கைக்குத் திரும்பிவிட்டது. அவர் திரும்பவில்லை.

கண்ணாடிப் பெட்டியில் குழல்விளக்கு வெளிச்சம் பட்டு எதிரொளிக்கிறது. பக்கவாட்டில் சாய்ந்து, உள்ளங்கையை நெற்றிக்கு வைத்து மறைத்துக்கொண்டுதான் பார்க்க முடிந்தது. அப்படியே வெகுநேரம் நின்றேன். எங்கள் கொட்டடிகளில் ஆயுள் கைதிகள் தரையில் அடுப்புக்கரியால் கட்டம் போட்டு ஆடுபுலி ஆடுவார்கள். சோதனைக்குப் போகும் அதிகாரி அழிக்கச் சொல்வார், அழிப்போம். மறுநாள் கட்டம் அதே இடத்தில் இருக்கும். காய்க்குப் புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் எதிராளி விடுதலையாகிப் போன பிறகு இரண்டு பக்கமும் தானே ஆடினார். மன்னரோடு எதிரே உட்கார்ந்து ஆடியது யார் என்று பெட்டிக்குக் கீழே எழுதியில்லை. மாளிகைகளில் கிடைக்காத ஜெயில் எனக்கு இந்தப் பெட்டியில் கிடைத்தது. கோட்டையில் ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போகாதீர்கள்.

கோட்டையோடு நிறுத்திவிட்டால் கதை பாதியில் நிற்கும். மன்னரின் சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது. முத்து மண்டபம் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் போதும். 1990-ல் தமிழ்நாட்டு அரசு மண்டபம் எழுப்பியது. மன்னரோடு அவருடைய உறவினர்களின் சமாதிகளும் அங்கேயே இருக்கின்றன. கூட்டம் இருக்காது. இலங்கையிலிருந்து வருகிறவர்கள் தேடிக்கொண்டு வருவார்கள். வேலூரில் பிறந்து வளர்ந்த என் மருமகனுக்கு இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. திப்பு குடும்பத்துப் பெண்களின் கல்லறைகள் கோட்டைக்குக் கிழக்கே உள்ளன: ஹைதரின் விதவை பக்ஷி பேகம் 1806-லும் திப்புவின் மனைவி பாதுஷா பேகம் 1834-லும் இங்கே அடக்கமானார்கள். தேதிகளைக் கவனியுங்கள். பிள்ளைகள் கல்கத்தா போன பிறகும் பாதுஷா பேகம் கால் நூற்றாண்டுக்கு மேல் இந்த ஊரிலேயே இருந்திருக்கிறார். புரட்சியின் நினைவுத் தூண் கோட்டைக்கு எதிரே மக்கான் சிக்னல் அருகில் நிற்கிறது. ஜூலை 10 அன்று மாலை போடுவார்கள், மற்ற நாளில் அதைச் சுற்றி ஆட்டோ நிற்கும்.

இன்னும் ஒன்று கேட்பீர்கள்: அசல் வேலூர் ஜெயிலைப் பார்க்க முடியுமா? முடியாது. தொரப்பாடி மத்திய சிறை இன்றைக்கும் நடக்கிறது. ராஜாஜி இருந்தார், காமராஜர் இருந்தார். உள்ளே இருந்தபடியே காமராஜர் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதை நாங்கள் புதுக் காவலர்களுக்குப் பெருமையாகச் சொல்வோம். உறவினர் இருந்தால் மனுப் போட்டுப் பார்க்கலாம். அந்த வழியில் யாரும் போக வேண்டாம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வெளியூர்க்காரர்கள் காட்பாடியில் இறங்கினால் நகரப் பேருந்து அடிக்கடி இருக்கிறது. பழைய பஸ் நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போய்விடலாம், ஆட்டோ வேண்டாம். கேட்கிற தொகையைக் கேட்டால் முதலை அகழியிலிருந்து வெளியே வந்துவிட்டதோ என்று தோன்றும். மார்ச்சுக்கும் ஜூனுக்கும் நடுவே பகலில் சுவர்மேல் ஏறாதீர்கள், வேலூர் வெயில் கருங்கல்லில் இரட்டிப்பாக அடிக்கும். காலை ஏழு மணிக்குப் போய்க் கோயிலையும் சுவரையும் முடித்துவிட்டு, அருங்காட்சியகம் திறந்ததும் அதைப் பார்த்து, வெயில் ஏறுமுன் முத்து மண்டபத்துக்குக் கிளம்புவது நல்லது. குடிதண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். கழிப்பறையைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். பேருந்து நிலையத்திலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். அகழியோரம் விற்கும் மாங்காய்ப் பத்தையும் வேர்க்கடலையும் நன்றாக இருக்கின்றன.

மஹாலைத் திறக்கச் சொல்லி ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடச் சொன்னதற்குச் சம்பந்தி, அந்தக் காளை யானைச் சிற்பத்துக்குப் பக்கத்தில் ஒரு விளக்குப் போடச் சொல்லியும் அதிலேயே சேர்த்தால்தான் போடுவேன் என்கிறார். சேர்த்துவிட்டேன்.